பெங்களூரில் ஆப்கன் ஹவுண்ட் வளர்ப்பு: வாங்குமுன் யோசிப்பது முதல் ஊருக்குக் கூட்டிப்போவது வரை

ஆப்கன் ஹவுண்டைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் மூன்று கேள்விகள் நிச்சயம். என்ன விலை, என்ன ஷாம்பு, கடிக்குமா. அல்சூரில் தமிழில் கேட்பார்கள், மல்லேஸ்வரத்தில் கன்னடத்தில் கேட்பார்கள், கேள்வி அதேதான். ஆனால் வாங்க நினைப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியும்? பெங்களூரில் பணம் உள்ளவர்கள் நிறையப் பேர், நேரம் உள்ளவர்கள் குறைவு. இந்த நாய் கேட்பது நேரத்தைத்தான். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் உங்கள் வேலை நேரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதோடு சேர்த்து வைத்துப் படியுங்கள்.

முதல் படி: எந்த மாதிரி நாய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆப்கானிஸ்தான் மலைகளிலும் அதை ஒட்டிய வறண்ட நிலங்களிலும் முயலையும் மானையும் துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்ட இனம் இது. அந்தப் பக்கத்தில் தாஸி என்பார்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும், இந்த வகையை சைட்ஹவுண்ட் என்பார்கள். நம் சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்தின் முதோள் நாய்கள் எல்லாம் இதே தொழில்காரர்கள்தான். நீளமான முடி மலைக்குளிருக்கு வந்தது, மேடை அலங்காரத்துக்கு அல்ல.

1907-இல் லண்டன் நாய்க் கண்காட்சி ஒன்றில் ஜார்டின் என்ற ஆப்கன் வந்து நின்றபோதுதான் ஐரோப்பா இந்த இனத்தின் பக்கம் திரும்பியது. அந்த நாய் இந்தியாவிலிருந்து போனது. 1920-களில் இரண்டு கூட்டங்கள் பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்று சமவெளிப் பக்கத்து நாய்கள், உயரம் கூடுதல், முடி குறைவு. இன்னொன்று காபூல் பக்கத்து மலை நாய்கள், கட்டுமஸ்தான உடம்பு, அடர்ந்த முடி. இன்று நாம் பார்ப்பது இரண்டும் கலந்த வாரிசுகளை. அமெரிக்கன் கென்னல் கிளப் 1926-இல் இந்த இனத்தை அங்கீகரித்தது.

ஆண் நாய் தோள்வரை சுமார் 68 முதல் 74 சென்டிமீட்டர், பெண் நாய் கொஞ்சம் குறைவு. எடை 23 முதல் 27 கிலோவுக்குள் இருக்கும். அத்தனை பெரிய உருவத்துக்கு இது குறைவான எடை. முடியை நனைத்துப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு ஒல்லி என்று தெரியும். இடுப்பெலும்பு இரண்டும் முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும். இனத்தின் அமைப்பே அதுதான், நீங்கள் பட்டினி போட்டதாக அர்த்தமில்லை. பார்த்த பாட்டிமார் எல்லோரும் "சோறு போடுறதில்லையா?" என்று கேட்பார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

குணம்

1994-இல் வெளிவந்து உலகம் முழுக்கப் பரவிய நாய் அறிவுத் தரவரிசை ஒன்றில் ஆப்கனுக்குக் கடைசி இடம். இன்றும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் அளந்தது, சொன்ன சொல்லுக்கு நாய் எவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிகிறது என்பதைத்தான். மலைச்சரிவில் இரையைத் துரத்தும் நாய் சில நொடிகளில் வேட்டைக்காரரின் பார்வையைத் தாண்டிவிடும். அதன்பின் எங்கே திரும்புவது, எங்கே மறிப்பது என்று தானாகவே முடிவெடுக்க வேண்டும். அப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த நாயிடம் போய் "உட்கார்" என்றால் உங்களை ஒரு பார்வை பார்க்கும். காதில் விழாமல் இல்லை, யோசித்துக்கொண்டிருக்கும்.

புதியவர்களிடம் வாலாட்டி ஓடிவராது, குரைத்து விரட்டவும் செய்யாது. விருந்தாளி வந்தால் எழுந்து போய் வேறு அறையில் படுத்துக்கொள்ளும். காவலுக்கு நாய் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வீட்டுக்காரர்களிடம் வேறு முகம் காட்டும். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, சோபாவில் தலைகீழாகப் படுப்பது, நீங்கள் போனில் பேசும்போது மூக்கை முழங்கைக்கு அடியில் நுழைத்துக் கையைத் தூக்கிவிடுவது என்று கோமாளித்தனம் நிறைய.

மனசு மெல்லியது. அதட்டினால் ஒடுங்கிப் போகும், அடித்தால் நம்பிக்கை போய்விடும், திரும்பி வர மாதங்கள் ஆகும். பயிற்சி கொடுப்பதென்றால் ஐந்து நிமிடம், வேகவைத்த கோழித்துண்டு, அத்தோடு நிறுத்தம். ஆறாவது நிமிடத்தில் அதற்குச் சலித்துவிடும். லேப்ரடார் பழக்கிய பயிற்சியாளர் அதே முறையில் இதைப் பழக்க முயன்றால் இரண்டு பேருக்கும் வீண் வருத்தம்தான். பேரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, லீஷில் இழுக்காமல் நடப்பது, சீவும்போது அசையாமல் படுப்பது, இந்த மூன்றும் வந்துவிட்டால் போதும்.

இரண்டாம் படி: உண்மையில் இதுதான் வேண்டுமா?

பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சென்னையின் வெயிலும் புழுக்கமும் இங்கே இல்லை. அதனால் ஆப்கனுக்கு இந்த ஊர் ஒத்துவரும், ஏப்ரல் மே தவிர. சிக்கல் மழையில்தான், அதைப் பிறகு பார்ப்போம்.

வீட்டின் அளவு பெரிய விஷயமில்லை. நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் நாய், இரண்டு படுக்கையறை பிளாட்டில் நன்றாகவே வாழும். ஆனால் வாரத்தில் சில நாட்களாவது, நான்கு பக்கமும் உயரமான வேலி போட்ட இடத்தில் முழு வேகத்தில் ஓட வேண்டும். சர்ஜாபூர், ஹென்னூர் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் நாய்ப் பூங்காக்கள் இப்போது வந்துவிட்டன. கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்று தனி இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போகாதீர்கள். இது ஓட ஆரம்பித்தால் மற்ற நாய்கள் எல்லாம் பின்னால் துரத்தும், சின்ன நாய் ஏதாவது குறுக்கே ஓடினால் இதற்கு இரை நினைப்பு வந்துவிடும்.

தோற்றம் பிடித்திருக்கிறது, முடி வேலைக்கு நேரமில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. கர்நாடக, மகாராஷ்டிர எல்லைப் பகுதியின் கேரவன் ஹவுண்டில் பஷ்மி என்று ஒரு வகை. உடம்பு முழுக்கக் குட்டை முடி, காதிலும் வாலிலும் காலிலும் மட்டும் நீளமான மென்முடி. அழகுக்குக் குறைவில்லை, முடி வேலை கொஞ்சம்தான், இந்த மண்ணின் வெயிலுக்குப் பழகிய உடம்பு. என்னிடம் யோசனை கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது பஷ்மியைத்தான். பாதிப் பேருக்கு அது பிடிப்பதும் இல்லை. படத்தில் பார்த்த கூந்தல்தான் வேண்டும் என்று நிற்பார்கள். சரி, அவர்களுக்கு மீதிக் கட்டுரை.

மூன்றாம் படி: குட்டி தேர்ந்தெடுப்பது

வணிக இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டிலிருந்து நாய் இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2016-இல் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் ஆப்கன் வளர்ப்பவர்களும் கொஞ்சம்தான். அதனால் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்க்கை நடக்கும் ஆபத்து அதிகம். சென்னையில் தலைமையிடம் உள்ள கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் சான்றிதழைக் கேளுங்கள். தாய் பக்கத்திலும் தந்தை பக்கத்திலும் ஒரே தாத்தா பாட்டி பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வேறு இடம் பாருங்கள். சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலுக்கடியில் உள்ளதும் ஒன்றுதானா என்று ரீடர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. "பதிவெல்லாம் எதுக்கு சார், நம்ம ஆளுதான்" என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

குட்டியைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டு மாத ஆப்கன் குட்டிக்குக் கூந்தல் இருக்காது. புசுபுசுவென்ற குட்டை முடி, முகத்தைச் சுற்றிக் குரங்குக்குட்டிக்கு இருப்பது போல ஒரு தாடி மீசை. அதனால் குட்டியைவிடத் தாயைப் பாருங்கள். தாய் தொட விடுகிறதா, பயந்து மூலையில் பதுங்குகிறதா? வளர்ந்த நாயின் முதுகில் நடுவே குட்டை முடியாகச் சேணம் போட்ட மாதிரி ஒரு பட்டை தெரிய வேண்டும். அது தானாக வருவது, கத்தரித்து வைப்பதல்ல. வால் நுனி வளையமாகச் சுருண்டிருக்கும். பெற்றோரின் கண் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த இனத்தில் இளவயதிலேயே கண்புரை வருவது உண்டு.

நான்காம் படி: வீட்டையும் காகிதங்களையும் தயார் செய்வது

மாநகராட்சி உரிமம் கட்டாயம். வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு இல்லாமல் கிடைக்காது. 2025-இல் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால் உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள். அபார்ட்மெண்ட் சங்கம் நாய் கூடாது, லிப்டில் ஏற்றக் கூடாது என்று தடுக்க முடியாது. இந்திய விலங்கு நல வாரியம் 2015-இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அந்தச் சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவதைவிட, கையில் பையோடு போய்க் கழிவை நீங்களே அள்ளிப் போடுவதை நாலு பேர் பார்த்தால் காரியம் சுலபம்.

வீட்டில் முக்கியம் கதவுதான். கூரியர்காரர் மணியடித்து நீங்கள் கையெழுத்துப் போடும் இடைவெளியில் இது இரண்டு மாடி இறங்கியிருக்கும். வாசல் கதவுக்குள் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு ஒன்று போடுங்கள். உயரமானதாக இருக்கட்டும், மூன்றடியை நின்ற இடத்திலிருந்தே தாண்டும். வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: "அக்கா, வெளிக்கதவைச் சாத்திட்டு அப்புறம் உள்கதவைத் திறங்க." பால்கனியில் கம்பி இடைவெளியைப் பாருங்கள், எதிர்மாடியில் புறா உட்காரும் பால்கனி என்றால் வலை போட்டுவிடுங்கள்.

சமையல் மேடையில் எதையும் விட்டுவைக்க முடியாது. பின்னங்காலில் நின்றால் அடுப்புக்கு எட்டும். தரையில் வழுக்காத விரிப்பும், எலும்பு உறுத்தாத தடித்த மெத்தையும் வேண்டும். கொழுப்பு இல்லாத உடம்பு என்பதால் வெறும் டைல்ஸில் படுத்தால் முழங்கையில் காய்ப்பு விழும்.

ஐந்தாம் படி: தெருவில் நடப்பது

லீஷ் இல்லாமல் ஒருநாளும் விடாதீர்கள். ஆப்கன் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஓடும் என்பார்கள். ஒரு பெருச்சாளியோ பூனையோ கண்ணில் பட்டுவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. வீட்டுக்குள் நூறு முறை கூப்பிட்டால் நூறு முறையும் வருகிறதே என்று நம்பாதீர்கள். வெளிவட்டச் சாலையில் அந்த நம்பிக்கைக்கு விலை அதிகம்.

கழுத்து தலையைவிட அகலம், அதனால் சாதாரண பட்டை தலைவழியே உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள், அகலமான துணிப்பட்டையாக. தோல் பட்டையும் சங்கிலியும் கழுத்து முடியை அறுக்கும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். கைபேசி எண் பொறித்த தகடு மட்டும் தொங்கும் தளர்வான பட்டை போதும்.

தெருநாய்கள் விஷயத்தில் ஒரு உத்தி. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம் இருக்கும், அவை உஷாராவது பெரும்பாலும் இரவு பத்துக்கு மேலும் விடியற்காலை இருட்டிலும். காலை ஆறரை, மாலை ஐந்தரை என்று வைத்துக்கொண்டு ஒரே பாதையில் போங்கள். அந்தத் தெருவில் நாய்களுக்குச் சோறு வைப்பவர் ஒருவர் இருப்பார். அவரோடு பழகி, அவர் சோறு வைக்கும் நேரத்தில் தூரமாக நின்று உங்கள் நாயைப் பார்க்கப் பழக்குங்கள். கொஞ்ச நாளில் குரைப்பு அடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பார்த்துவிட்டு நடங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

ஆறாம் படி: முடி

கட்டுரையின் பாதி இதுதான், ஆப்கன் வளர்ப்பதிலும் பாதி இதுதான்.

முதலில் ஒரு முடிவு எடுங்கள்: முழுக்கூந்தலா, கத்தரித்த முடியா? கண்காட்சிக்குப் போகாத நாய்க்குக் கத்தரிப்பதில் எந்தக் குறையும் இல்லை. வேலைக்குப் போகும் தம்பதிக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் தோல் தெரிய மழிக்கக் கூடாது. ஒரு அங்குலமாவது விடுங்கள், வெயில் நேராகத் தோலில் படாது. முழுக்கூந்தல் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று முறை சீவல், வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு குளியல், குளித்து உலர்த்தி முடிக்க அரைநாள்.

சாமான்கள் குறைவுதான். நுனியில் குமிழ் இல்லாத கம்பி ஊசி பிரஷ், ஒரு பாதி நெருக்கமாகவும் மறுபாதி இடைவெளியாகவும் பல் உள்ள ஸ்டீல் சீப்பு, தெளிப்பான் பாட்டில், காற்று பலமாக வரும் நாய்களுக்கான டிரையர். குமிழ் வைத்த பிரஷ் மெத்தென்று இருக்கும். ஆனால் அந்தக் குமிழில்தான் முடி மாட்டி அறும்.

சீவும் முறையைக் கவனமாகப் பாருங்கள். காய்ந்த முடியை ஒருபோதும் சீவக் கூடாது, ஒடிந்துவிடும். ஒரு பங்கு கண்டிஷனருக்கு இருபது பங்கு தண்ணீர் அளவில் கலந்து பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வயிற்றோரம் அல்லது பாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மேலிருந்து அல்ல. இடது கையால் மேல்முடி முழுவதையும் அள்ளி மேலே பிடித்துக்கொண்டு, கீழே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வரிசை மட்டும் விழ விடுங்கள். தோல் கோடாகத் தெரிய வேண்டும். அந்த வரிசையில் லேசாகத் தெளித்து, வேரிலிருந்து நுனி தாண்டும்வரை நேராக இழுத்துச் சீவுங்கள். மணிக்கட்டைத் திருப்பினால் நுனி உடையும். பிறகு அடுத்த வரிசையை விடுங்கள். இப்படியே முதுகுவரை போய்விட்டு, முடிவில் ஸ்டீல் சீப்பை வேரில் விட்டு இழுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சிக்கு இருக்கிறது. மேலோட்டமாக பிரஷ் ஓட்டினால் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே தோலோடு ஒட்டிய சிக்கு கட்டிக்கொண்டே போகும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மொத்தமாக மழிப்பதைத் தவிர வழி இருக்காது.

சிக்கு விழும் இடங்கள் எப்போதும் அதேதான்: காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, பட்டை உரசும் கழுத்து, விரல் இடுக்கு. சிக்கு கிடைத்தால் சீப்பால் இழுக்காதீர்கள். கண்டிஷனர் தண்ணீரைத் தெளித்து ஒரு நிமிடம் ஊற விட்டு, இரண்டு கை விரல்களாலும் நீளவாக்கில் பிரித்து, ஒரு சிக்கை இரண்டாக, இரண்டை நான்காக ஆக்குங்கள். அதன்பின் சீப்பின் ஓரப்பல் இரண்டை மட்டும் நுனியில் விட்டு மெல்ல வேர்ப்பக்கம் ஏறுங்கள். கத்தரிக்கோலைக் கொண்டுபோனால் காது மடிப்புத் தோலும் சேர்ந்து வரும். அந்தத் தோல் மெல்லியது, முடிக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

சிக்கோடு குளிக்க வைக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிக் கம்பளிக்கட்டி ஆகிவிடும். முதலில் சீவல், பிறகு குளியல். ஷாம்புவைக் குவளையில் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள், முடி விழும் திசையிலேயே விரல்களை இறக்குங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்க்கிற மாதிரி வட்டமாகத் தேய்த்தால் நாமே சிக்கு கட்டித் தருகிறோம் என்று அர்த்தம். கண்டிஷனர் போட்டு அலசி, துண்டால் ஒற்றி எடுங்கள், துவட்டாதீர்கள்.

பெங்களூரில் ஒரு தனித் தொல்லை தண்ணீர். காவிரித் தண்ணீர் வரும் வீடு என்றால் பிரச்சினை இல்லை. ஒயிட்பீல்ட், சர்ஜாபூர் பக்கம் போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். உப்புத் தண்ணீரில் ஷாம்பு முழுக்கப் போகாது, முடி சொரசொரப்பாகி வேகமாகச் சிக்கு விழும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு பக்கெட் வடிகட்டிய தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். 2024 கோடைத் தட்டுப்பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லா வாரமும் குளிப்பாட்டத் தண்ணீர் இருக்காது. அந்த மாதிரி மாதங்களுக்கும் சேர்த்துத்தான் கத்தரித்த முடி நல்லது என்கிறேன்.

உலர்த்துவதில் அவசரம் வேண்டாம். டிரையரை மிதமான சூட்டில் வைத்து, அதே வரிசை முறையில், காற்று படும் இடத்தை மட்டும் சீவிக்கொண்டே போங்கள். வேர்வரை காய வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஈரத்தில் பாதி காய்ந்த முடியோடு விட்டால் இரண்டு நாளில் தோலில் நாற்றம், சிவப்பு, அரிப்பு. மழை நாட்களில் வயிற்றையும் மூடுகிற மழைக்கோட்டு போட்டுக் கூட்டிப் போங்கள். திரும்பியதும் நான்கு காலையும் கழுவி, விரல் இடுக்குவரை உலர்த்திவிடுங்கள்.

ஒரு வயதுக்குக் கொஞ்சம் முன்னிருந்து இரண்டு வயதுக்குள் ஒரு காலம் வரும். குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வளரும். காலையில் சீவினால் மாலையில் சிக்கு இருக்கும். நிறையப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். சில மாதங்கள் தினமும் சீவித்தான் ஆக வேண்டும், அதன்பின் தானாகச் சுலபமாகும். முதுகின் குட்டை முடிப் பட்டையும் இந்தச் சமயத்தில்தான் வெளிப்படும். உதிரும் முடியை விரலால் எடுத்துவிட்டால் போதும், மிஷின் வைக்காதீர்கள்.

குட்டி வந்த முதல் வாரத்திலிருந்தே, சிக்கு இல்லாவிட்டாலும், மேஜையில் படுக்க வைத்து தினம் ஐந்து நிமிடம் பிரஷ் போடுங்கள். முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நாய் எதிர்த்து நின்றால் இரண்டு பேர் சேர்ந்தாலும் சீவ முடியாது.

ஏழாம் படி: சாப்பாடு

காது முடி தட்டில் விழும், சோறு ஒட்டும், நாய் அதைக் கடித்து மெல்லும், முடி போய்விடும். பழைய டி-ஷர்ட் கையை வெட்டி, சாப்பிடும்போது மட்டும் தலையில் மாட்டிக் காதுகளை உள்ளே அடக்குங்கள். குறுகலான ஆழமான கிண்ணம் நல்லது.

ஒரே வேளையில் நிறைய வேண்டாம், இரண்டு வேளையாகப் பிரியுங்கள். சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறை மாதிரி இறுகி, வாந்தி வர முயன்றும் வராமல் தவித்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான்.

வீட்டுச் சாப்பாடு கொடுப்பவர்கள் கோழி, முட்டை, சோறு அல்லது ராகி, காய் என்று கொடுக்கிறார்கள். அளவுகளை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், வெறும் தயிர்சோற்றில் இந்த உடம்பு நிற்காது. வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை கூடாது. கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சையும் அதில் சேர்த்திதான். பிரியாணி எலும்பும் கூடாது.

எட்டாம் படி: மருத்துவம்

தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லா நாய்களுக்கும் போலத்தான், மருத்துவர் தரும் அட்டவணையைப் பின்பற்றுங்கள். மழைக்காலத்துக்கு முன் எலிக்காய்ச்சல் ஊசி விட்டுப்போகவில்லையே என்று பாருங்கள்.

இந்த ஊரில் பெரிய எதிரி உண்ணி. முடி நீளமாக இருந்தால் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. சீவும்போது காது உள்பக்கம், கழுத்தடி, விரல் இடுக்கு மூன்றையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். உண்ணிக்காய்ச்சல் வந்தால் சோர்வு, சாப்பாடு மறுப்பது, ஈறு வெளுப்பது, சில சமயம் மூக்கில் ரத்தம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருக்கும். காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம்.

ஆப்கனுக்கென்று மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மயக்க மருந்து. உடலில் கொழுப்பு குறைவு என்பதால் தயோபென்டோன் போன்ற பழைய மருந்துகள் இந்த வகை நாய்களில் மெதுவாகத்தான் வெளியேறும், மயக்கம் தெளியத் தாமதமாகும். எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன்னால் கேளுங்கள்: "டாக்டர், இது சைட்ஹவுண்ட். தயோபென்டோன் இல்லாம வேற மருந்துல பண்ண முடியுமா?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரண்டு, தைராய்டு. இந்த இனத்தில் தைராய்டு குறைவது உண்மையிலேயே உண்டு. ஆனால் சைட்ஹவுண்டுகளுக்கு இயல்பிலேயே அளவு மற்ற நாய்களைவிடக் குறைவாக இருக்கும். அதனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து வாழ்நாள் மாத்திரையை ஆரம்பித்துவிடக் கூடாது.

மூச்சு வேகமாகி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தால் நெஞ்சில் நிணநீர் தேங்கியிருக்கலாம். ஆப்கன்களில் அது மற்ற இனங்களைவிட அதிகம், எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிப்போடாதீர்கள். சிக்கலான கேஸ் என்றால் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியும் குயின்ஸ் ரோட்டில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையும் இருக்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள், வரிசை நீளம்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 12 முதல் 14 வருடம் இருக்கும். 2005-இல் தென் கொரியாவில் உலகின் முதல் குளோன் நாயாகப் பிறந்த ஸ்னப்பி ஒரு ஆப்கன்தான். அது 10 வயதுவரை வாழ்ந்தது.

ஒன்பதாம் படி: தீபாவளியும் ஊர்ப் பயணமும்

தீபாவளிக்கு முந்தின நாளே உள்ளறை ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஜன்னல் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் சத்தமாக ஓட விடுங்கள். மாலை நடையை நாலரைக்கே முடித்துவிடுங்கள். வெடி வெடித்தால் இது குரைக்காது, ஓடப் பார்க்கும். அந்த வாரம் இரண்டு பட்டை, இரண்டு லீஷ்.

ஊருக்குக் கூட்டிப் போவதென்றால் பொங்கல் சமயம் நல்லது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைப் பக்கம் வேண்டவே வேண்டாம், நம்பிக்கையான ஒருவரிடம் பெங்களூரிலேயே விட்டுப் போங்கள். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூப்பே எனும் தனி அறை முழுவதும் உங்களுக்கே கிடைத்தால் கூட்டிப் போகலாம். இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் ஏற்றுவார்கள். அந்தச் சின்ன இருட்டுக் கூண்டில் ஆப்கனை ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காரில் போவதே மேல். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி தொப்பூர் கணவாயும் இறங்கிவிடலாம். கிளம்பும் முன் வயிறு நிறைய வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் காட்டுங்கள். காது முடியையும் கால் முடியையும் முதல் நாளே சீவி வைத்துவிடுங்கள், இருக்கைத் துணியில் உரசியே சிக்கு விழும். டீக்கடையில் நிறுத்தினால் முதலில் லீஷின் பிடியை உங்கள் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள், பிறகு எல்லாக் கதவும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள், அதன்பின் நாய் பக்கத்துக் கதவை மட்டும் திறங்கள்.